மூணாவது கம்பி பேசவில்லை

1

நாளைக்கு ஆயுத பூஜை. டெக்ஸஸில் அதற்கெல்லாம் லீவு கிடையாது. ஆபீஸ் முடிந்து வந்து, கராஜ் கதவைத் தூக்கி வைத்துவிட்டு, புல்வெட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரில், ஸ்பேனர் செட், இரண்டு கார், என் மனைவி சுமதியின் தையல் மெஷின் எல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. "அமெரிக்கா போயுமா இதெல்லாம் பண்றீங்க?" என்று ஊரிலிருந்து கேட்பீர்கள். அட, இங்கே வந்த பிறகுதான் அதிகமாகப் பண்ணுகிறோம். கோயமுத்தூரில் இருந்தபோது சைக்கிளுக்குப் பொட்டு வைத்ததோடு சரி. இங்கே பாத்திரம் கழுவும் மெஷினுக்குக் கூட மாலை.

பாதி துடைத்தபோது கை ஓடவில்லை. துணியைப் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் இதே ஆயுத பூஜையன்று என் மகள் அபி ஆஸ்டினிலிருந்து போன் பண்ணினாள். ஹூஸ்டன் பக்கத்தில் நாங்கள் இருக்கிற கேட்டி என்ற ஊரிலிருந்து ஆஸ்டின் காரில் இரண்டரை மணி நேரம். அங்கேதான் படித்தாள், அங்கேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலையும் கிடைத்தது. நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி வேலை. நானும் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அபி இங்கே பிறந்தவள். தமிழ் எல்லாம் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். "அப்பா", "அம்மா" இரண்டும்தான் எங்களுக்கு மிச்சம். உங்களுக்காக அவள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். அதனால் நிஜத்தில் இருப்பதைவிட இதில் கொஞ்சம் பணிவான பெண்ணாகத் தெரிவாள். நம்பாதீர்கள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்" என்றுதான் ஆரம்பித்தாள். உடனே, "அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும், கோபப்படக் கூடாது" என்றாள். வேலையை விட்டுவிட்டாளாம். சிநேகிதர்களோடு சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறாளாம். இனி அதுதானாம். ஒரு கிட்டார் வாங்கியிருக்கிறாளாம். அதுவும் இன்னொருத்தர் வாசித்துப் பழசானது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "கூத்தடிக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று கத்தினேன். "அதைத் தூக்கிட்டு இந்த வீட்டுப் படி ஏறாதே" என்றேன். ஏதோ கேட்க வேண்டும் என்றாளே, வேலை போன பெண் எதைக் கேட்பாள்? வீட்டு வாடகைக்குத்தான் அடி போடுகிறாள் என்று நினைத்தேன். "நீ ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தச் சூட்டோடு போய் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தேன்.

அபி தீபாவளிக்கு வரவில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு வரவில்லை. பொங்கலன்று சுமதியின் போனுக்கு மட்டும் ஒரு கரும்புப் படம் வந்தது.

2

மே மாசம் ஒரு சனிக்கிழமை காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றாள். கையில் கிட்டார் பெட்டி. அந்தப் படியைத் தாண்டும்போது என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். நான் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பார்க்க வரவில்லை, கிட்டார் ரிப்பேர். ஆஸ்டினில் இரண்டு கடையில் காட்டிவிட்டாளாம். "இந்த மாதிரி கிட்டாரை நாங்கள் தொடுவதில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை பேண்டோடு ஒரு வேனில் கிளம்ப வேண்டும், ஊர் ஊராக வாசித்துக்கொண்டே போய்க் கடைசியில் சியாட்டில். அங்கேயே தங்கிவிடலாம் என்று பேச்சு இருக்கிறது என்று சுமதியிடம் சொன்னாள், தட்டில் உப்புமாவைக் கிளறிக்கொண்டே.

சியாட்டில் என்றதும் சுமதியின் கையில் கரண்டி நின்றுபோனது. என்னைக் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போனாள். "ஏனுங்க, கும்பிட்டுக் கேக்கறேன், வாயத் தொறக்காதீங்க. வேல, படிப்பு, கல்யாணம் ஒரு நாயமும் வேண்டாம். அதைச் சரி பண்ணிக் குடுங்க, போதும். அது சரியாச்சுன்னா அவ மறுபடி இந்த வீட்டுக்கு வருவா. இல்லீன்னா சியாட்டில்லயே போயி உக்காந்துக்குவா."

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவள் மறுபடி வர வேண்டும் என்பது எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அதைச் சொல்லத்தான் தெரியவில்லை. கேஸ் பிளாண்ட்களில் பிரஷரும் சூடும் அளக்கிற சென்சார்களைச் சோதிப்பது என் தொழில். எந்த சென்சார் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். பேசுகிற வேலை எனக்கு ஆபீஸிலும் வராது.

3

கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது சாதா எலெக்ட்ரிக் கிட்டார் இல்லை. உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது. முன்னால் உள்ள குமிழைத் திருப்பினால் வேறு வேறு கிட்டார் மாதிரிப் பேசும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் சிதார் மாதிரிக்கூட. கம்பியை முறுக்காமலே சுருதி மாறும். கையில் மீட்டுவது ஒன்று, ஸ்பீக்கரில் வருவது வேறொன்று. எல்லாக் கிட்டாராகவும் நடிக்கிற ஒரு கிட்டார். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுகிறவளுக்கு இது இல்லாமல் ஓடாது என்று அபி பிறகு சொன்னாள்.

கோளாறு இதுதான். ஆறு கம்பியில் மூணாவது கம்பி மட்டும் நடிக்க மறுக்கிறது. குமிழைத் திருப்பினால் அது மட்டும் ஊமை. சில சமயம் கரகரவென்று ஒரு முனகல். குமிழைப் பழையபடி சாதா கிட்டாருக்குத் திருப்பினால் அதே கம்பி கணீரென்று பேசுகிறது.

"எப்ப இருந்து?" என்றேன். எங்களுக்குள் அத்தனை மாசத்துக்குப் பிறகு நடந்த முதல் பேச்சு அது.

"வாங்கின கொஞ்ச நாள்லயே. அப்பப்ப வரும், போகும்."

பேட்டரி பார்த்தேன். ஒயர் மாற்றினேன். சாஃப்ட்வேரைப் புதுப்பித்தேன். செய்த கம்பெனியின் உதவிப் பக்கத்தில் போய்க் கேட்டேன். முதலில் வாங்கியவரின் ரசீது கேட்டார்கள். அது எங்களிடம் இல்லை என்றேன். அப்படியானால் நீங்கள் வாடிக்கையாளர் இல்லை என்றார்கள். பாகமாவது தாருங்கள் என்றேன். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். விசா ஆபீஸ்களில் வருஷக்கணக்காக இதே பேச்சைக் கேட்டுப் பழகியவன் என்பதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பின்பக்க மூடியைத் திறந்தேன். ஒவ்வொரு கம்பியும் கீழே ஒரு சின்ன இரும்புக் கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கட்டைக்குள் கம்பியின் அதிர்வைக் கேட்கிற சென்சார். ஆறு சென்சாரிலிருந்தும் முடி மாதிரி ஆறு ஒயர் போர்டுக்குப் போகிறது. மூணாவது ஒயரையும் நாலாவது ஒயரையும் இடம் மாற்றிச் சொருகினேன். அப்போதும் ஊமையானது மூணாவது கம்பிதான். அப்படியானால் போர்டு நல்லவன், கட்டைக்குள் இருக்கிற சென்சார்தான் கள்ளன்.

ஆனால் கள்ளன் பிடி கொடுக்கவில்லை. ஏசி ஓடுகிற ஹாலில் வைத்துக் கொஞ்ச நேரம் வாசித்தால் மூணாவது கம்பி மெல்ல உயிர் பெறுகிறது. கராஜுக்குக் கொண்டுவந்தால் செத்துப்போகிறது. மே மாசத்து ஹூஸ்டன் பக்கத்துக் காற்று எப்படி இருக்கும் என்று இங்கே வந்தவர்களுக்குத் தெரியும், சட்டையைப் பிழியலாம். ஈரம்தான் காரணம் என்று பிடிபட்டதும் எனக்கு மனசுக்குள் ஒரு குஷி. அபியும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கம்பியைக் கழற்றி, கட்டையைத் தூக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அடியில் உள்ள பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பிக் கிடந்தது. சென்சார் ஒயர் வெளியே வருகிற ஓட்டைவரைக்கும் போயிருந்தது.

"வித்தவன் நல்லா ஏமாத்திட்டான்" என்றேன். "கடுகு சாஸைக் கொட்டி வெச்சிருக்கான். சாப்பிட்டுக்கிட்டே வாசிச்சிருப்பான், கெரகம்."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லப்பா" என்றாள் அபி. விற்றவர் ராய் என்று ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவர்.

"உனக்கு என்ன தெரியும்? நம்பரைக் குடு."

கொடுத்தாள். பிறகு என்னவோ யோசித்தபடி அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். என் சத்தம் பிடிக்காமல் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சுமதிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலையும் ராய் தலையில் கொட்டினேன். நீங்கள் கடுகு சாஸ் சிந்திய கிட்டாரை ஒரு சின்னப் பெண்ணிடம் விற்றுவிட்டீர்கள், இது நியாயமா என்று நீளமாக ஒரு மெசேஜ். கடைசியில் பழக்கதோஷத்தில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்றும் சேர்த்துவிட்டேன். ஊரில் ஆபீஸ் கடிதம் எழுதிப் பழகிய கை, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் திருந்தவில்லை. எதைச் செய்யச் சொல்கிறீர்கள் என்று அந்த மனிதர் உடனே திருப்பிக் கேட்டார்.

4

பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனைத்து அந்தப் பள்ளத்தில் வைத்துத் திருகினேன். மஞ்சள் கரைந்தது. கூடவே பஞ்சில் ஒரு சிவப்பும் ஒட்டியது. ஆல்கஹால் வாடை அடங்கியதும் இன்னொரு வாசனை கராஜில் எழுந்தது.

சந்தனம்.

குச்சியை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். சந்தனம்தான். பன்னீரில் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். எனக்கு இதில் சந்தேகம் வர வழியே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு மறுநாள் டிவி ரிமோட் வேலை செய்யாது. ஒரு வருஷம் இல்லை, எல்லா வருஷமும். என் அம்மா வீட்டில் பிளக் இருக்கிற எதையும் விடமாட்டார். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரெகுலேட்டர், கடைசியில் ரிமோட். மற்றதெல்லாம் தாங்கும். ரிமோட்டுக்கு நெற்றி எங்கே இருக்கிறது? அம்மா பட்டனுக்கு நடுவில் குழைய குழைய வைப்பார். மறுநாள் மேட்ச் பார்க்க உட்கார்ந்த அப்பா குதிப்பார். "எதுக்குப் பொட்டு வெக்கறதுன்னு ஒரு அளவு வேண்டாமா?" என்று கத்திக்கொண்டே ரிமோட்டைக் கழற்றிப் பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்ப்பார். பட்டனுக்கடியில் இதே மஞ்சள் பொருக்கு. இதே சிவப்பு. டூத்பிரஷ் பிடித்தது பெரும்பாலும் நான்தான். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அப்படித்தான் என்று சுமதி கிண்டல் பண்ணுவாள்.

அதனால் இந்த வீட்டில் பொட்டு வைப்பது என் வேலை. ஓட்டை இருக்கிற பக்கம் வைக்க மாட்டேன். ஸ்விட்ச், பட்டன், ஒயர் நுழைகிற இடம் பக்கம் போகவே மாட்டேன். லேப்டாப்புக்கு மூடியின் வெளிப்பக்க ஓரத்தில் ஒரு துளி. காருக்கு பானட்டில். இதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அபிக்கு எதற்கு? நாங்கள் டோஸ்டருக்குப் பொட்டு வைப்பதைப் போனில் படம் பிடித்துத் தன் சிநேகிதிகளுக்கு அனுப்பிச் சிரித்தவள்தானே? "அடுத்து கமோடுக்கா அப்பா?" என்று கேட்டவள்தானே?

அப்படியானால் இந்தச் சந்தனம் யார் வைத்தது? எங்கள் வீட்டுக்கு இந்தக் கிட்டார் வந்ததே அன்றைக்குக் காலையில்தான்.

ராயிடமிருந்து இன்னொரு பதில் வந்திருந்தது. திட்டவில்லை. விற்பதற்கு முந்தின நாள் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தார். தடித்த விரல்களால் ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டுகிறார், ஆறும் பேசுகிறது. கிட்டத்தில் எடுத்த படமும் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த இரும்புக் கட்டைகள் துடைத்து வைத்த எவர்சில்வர் மாதிரி பளபளவென்று இருந்தன.

அபி ஆஸ்டினில் தனி வீடு பார்த்துப் போனபோது சுமதி அவள் சூட்கேஸில் ஒரு சின்ன டப்பா வைத்தாள். விபூதி, குங்குமம், சந்தனப் பொடி, ஒரு பாட்டில் பன்னீர். "அது பிரிக்காமக் கெடக்கும், பாருங்க" என்று அவளே பெருமூச்சும் விட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அறை எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே இவள் தனியாக உட்கார்ந்து, பொடியைக் குழைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், கம்பிகள் வந்து சேருகிற நடு இடத்தில் பார்த்து வைத்திருக்கிறாள். பார்த்தால் அந்த இடம்தான் கிட்டாருக்கு நெற்றி மாதிரி இருக்கும். எனக்கு அழுகை வந்தது. மகளை நினைத்தா, அம்மாவை நினைத்தா என்று கேட்டால் தெரியாது.

துடைக்காமல் விட முடியாது. துளி மிச்சம் இருந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குச்சி குச்சியாக மாற்றிப் பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைத்தேன். மனசே இல்லாமல்தான் துடைத்தேன். ராய்க்கு, தப்பு எங்களுடையது, மன்னித்துவிடுங்கள் என்று எழுதினேன். பரவாயில்லை, அந்தப் பெண் வாசிக்கிறாள் இல்லையா, அது போதும் என்று எழுதினார். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு அது போதுமாக இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை காலை கராஜில் வைத்தே வாசித்துக் காட்டச் சொன்னேன். வேர்த்துக் கொட்டியது. குமிழைத் திருப்பித் திருப்பி வாசித்தாள். மூணாவது கம்பி எல்லா வேஷத்திலும் பேசியது. அபியின் முகம் சின்ன வயசில் சைக்கிள் பழகியபோது இருந்த மாதிரி ஆகிவிட்டது.

"என்ன ப்ராப்ளம் அப்பா?"

"ஈரம்."

"ஈரம்னா?"

"ஈரம்தான். உள்ளே போயிருந்துச்சு. துடைச்சாச்சு."

அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று சுமதிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவளாகச் சொல்லட்டும் என்ற ஆசையும் இருந்தது.

காரில் பையை ஏற்றினாள். சாம்பார் பொடி, முறுக்கு, பருப்புப் பொடி எல்லாம் ஏறியது. கடைசியாகக் கிட்டாரைப் பெட்டிக்குள் வைக்கப் போனபோது சுமதி உள்ளே இருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் சந்தனக் கிண்ணம்.

"இரு கண்ணு. சரியாயி வந்திருக்குது, வெளியூர் வேற போகுது. ஒரு பொட்டு வெச்சு அனுப்பறேன்."

"அம்மா, நோ!" அபி கிட்டாரை இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு பின்னால் போனாள். "இதுக்கு வேண்டாம். ப்ளீஸ்."

சுமதியின் முகம் விழுந்துவிட்டது. கிண்ணத்தில் இருந்த விரல் அப்படியே நின்றது. "ஒரு பொட்டு வெச்சா என்ன கொறஞ்சு போயிரும்?" என்றாள் மெதுவாக. பிறகு என்னிடம், "பாத்தீங்களா? நம்முளுது எதுவுமே வேண்டாம் இவளுக்கு" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

அபி அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும் என்று. காது வரைக்கும் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் சுமதியின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினேன். "குடு" என்று கை நீட்டினேன். அபி கிட்டாரைத் தந்தாள். கவிழ்த்துப் பிடித்தேன். கம்பியை முறுக்குகிற தலைப்பக்கத்துக்குப் பின்னால், ஒயரும் ஓட்டையும் இல்லாத வெறும் மரத்தில், சின்னதாக ஒரு துளி சந்தனம் வைத்தேன். அதன்மேல் குங்குமம்.

"இங்கே வைக்கணும்" என்றேன். "இங்கே வெச்சா ஒண்ணும் ஆகாது."

அபி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டாரை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். இரண்டு கொக்கியையும் மாட்டினாள். கார் கதவைத் திறந்து உட்கார்ந்தபிறகுதான் சொன்னாள்.

"அன்னிக்கு அதைக் கேக்கத்தான் போன் பண்ணினேன், அப்பா. எங்கே வைக்கணும்னு."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் கார் ரிவர்ஸில் போய், தெருவில் திரும்பி, ஃப்ரீவே பக்கம் போய்விட்டது. "என்னங்க சொன்னா அவ?" என்று சுமதி கேட்டாள். "ஒண்ணுமில்லே, பத்திரமாப் போறேன்னா" என்றேன். இன்றுவரை அவளிடம் அதைச் சொல்லவில்லை.

6

அபி சியாட்டிலிலேயே தங்கிவிட்டாள். கிட்டார் நன்றாக இருக்கிறதாம், மூணாவது கம்பி தகராறு பண்ணவில்லையாம். சுமதியின் போனுக்கு மெசேஜ் வருகிறது. ரிப்பேர் சரியானால் வருவாள் என்று சுமதி போட்ட கணக்கு தப்பிவிட்டது.

"நீங்களே கூப்புட்டுப் பேசறது" என்று சுமதி சமையலறையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டாள். கூப்பிடத்தான் போகிறேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்பதுதான் தெரியவில்லை. இதை எழுதும்போது போன் பக்கத்திலேயே இருக்கிறது. புல்வெட்டும் மெஷின் இன்னும் பாதி அழுக்கோடு நிற்கிறது.

நாளைக்கு அவளும் அங்கே எங்காவது கொஞ்சம் சந்தனம் குழைப்பாள் என்று நினைக்கிறேன். எங்கே வைப்பது என்று இப்போது அவளுக்குத் தெரியும். அதைக் கேட்க இனி அவள் எனக்குப் போன் பண்ண வேண்டியதில்லை.